காலருக்குள் தைத்த எண்

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் முதுகிலும் டெய்லரக்காவின் தையல்தான் இருந்தது. மூக்கொழுகிக்கொண்டு வருகிற ஒன்றாம் வகுப்புப் பொடிசிலிருந்து, அரும்பு மீசையைத் தடவிக்கொண்டு “கொஞ்சம் டைட்டா வைங்கக்கா” என்று குழைகிற பெரிய பையன் வரைக்கும் அவள் தைத்ததுதான் சட்டை. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வங்கியில் கேட்டால் சொல்வாள். மற்றபடி ஊருக்கே அவள் அக்கா. அவளைவிட மூத்த ஹெட்மாஸ்டருக்கும் அக்காதான். வீட்டுக்காரர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் இரண்டு மிஷின், நடுவில் துணி வெட்டுகிற பெரிய மேஜை, மூலையில் இஸ்திரிப் பெட்டி. தரையில் எவ்வளவு பெருக்கினாலும் நூல் பிசிறு போகாது. வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் செருப்பில் ஒரு வெள்ளை நூலாவது ஒட்டிக்கொண்டு கூடவே போகும். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்குமுன் பள்ளி நூலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையாக அளவெடுப்பாள். அங்கேதான் அவளுடைய விசித்திரப் பழக்கம் ஒன்று எல்லோர் கண்ணிலும் படும். எந்த அளவையும் அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். டேப்பைச் சுற்றுவாள், பார்ப்பாள், மடியிலிருக்கிற தாளில் தானே எழுதிக்கொள்வாள், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள்.

“ஒரு ஆள வெச்சுக்கயேன் அக்கா. நீ சொல்லச் சொல்ல அவங்க எழுதிட்டுப் போறாங்க. பாதி நேரம் மிச்சம்,” என்று சொல்லாதவர்கள் கிடையாது.

“எனக்குப் பேசிக்கிட்டே அளவெடுத்தா கை தப்பும்,” என்பாள். சுத்தப் பொய். அளவெடுக்கும்போது அவள் வாய் ஓயவே ஓயாது. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்து, “மூச்ச விடு கண்ணு. சட்டைக்குள்ள உன் வயித்துக்கும் சேத்துத்தான் இடம் வெக்கிறேன், அதுவும் பள்ளிக்கூடம் வரணும்ல,” என்பாள். பிள்ளை சிரித்ததும் வயிறு தானே இறங்கும். அந்த நேரத்தில் டேப்பைப் படித்துவிடுவாள். எண்ணை மட்டும் உதட்டுக்கு வெளியே விட மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட.

அவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அளவெடுக்க வந்தவர் ஒரு கடைத்தெரு டெய்லர். தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. அவர் வகுப்பு நடுவில் நின்று அளவெடுப்பார். எழுதிக்கொள்கிற ஆள் வாசலோரம் உட்கார்ந்திருப்பார். இவள் முறை வந்ததும் இடுப்பில் டேப்பைச் சுற்றி, “முப்பத்தாறு!” என்று ஓங்கிச் சொன்னார். எழுதுகிறவர் தலை நிமிர்ந்து, “எவ்வளவுண்ணே?” என்றார். “முப்பத்தாறுய்யா, முப்பத்தாறு! நான் என்ன கதையா சொல்றேன்?” வகுப்பு கொல்லென்று சிரித்தது. டெய்லர் பாவம், அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் திரும்பியதும் மறந்தே போயிருப்பார். எண் போகவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவள் பெயர் முப்பத்தாறு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்பார். “ஆறாறு?” என்பார். மொத்த வகுப்பும் இவள் பக்கம் திரும்பி, ஒரே குரலில், “முப்பத்தாறு!” என்று கத்தும். முதல் தடவை வாத்தியாருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார், கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. வாத்தியாரே சிரித்த பிறகு பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? அதற்கப்புறம் வகுப்பு மந்தமாக இருக்கிற நாளிலெல்லாம் அவர் வேண்டுமென்றே ஆறாறு கேட்பார். நல்ல மனுஷன்தான். பிள்ளைகள் உற்சாகமாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியத்துக்கு மருந்தே கிடையாது.

கணக்கு வகுப்பு என்றால் அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. பிறகு எல்லா வகுப்புக்கும் வலித்தது. பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள், தூக்கினால் எழுந்து நிற்க வேண்டும், நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்து, அதன் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தே மூன்று நான்கு வருடத்தை ஓட்டினாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். “படிப்பு ஏறல,” என்று வீட்டில் சொன்னாள். அவர்களும் “சரி, எல்லாருக்குமா ஏறுது?” என்று விட்டுவிட்டார்கள். தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பிடித்துப்போனது ஒன்றே ஒன்று. அங்கே எல்லோரும் ஊசியைப் பார்த்துக் குனிந்தே இருந்தார்கள்.

இவ்வளவு பட்டவளுக்குப் பிறந்த ஒரே பெண், அச்சு அசலாக அவளைப் போலவே பிறந்தாள். அதே கன்னம், அதே தோள், அதே திடமான கால்கள். பார்த்தவர்கள் எல்லோரும், “உன்னை உரிச்சு வெச்சிருக்கு அக்கா,” என்று கொஞ்சினார்கள். அவளும் சிரித்தாள். ‘பள்ளிக்கூடம் போனா இது என்ன பாடு படப் போவுதோ’ என்பதுதான் அவள் பெற்ற அன்றைக்கு நினைத்த முதல் நினைப்பு.

டெய்லரக்கா தைக்கிற சட்டைகளில் காலருக்கு உள்பக்கம் சின்ன வெள்ளை நாடாத் துண்டு ஒன்று இருக்கும். அதில் சிவப்பு நூலால் சைஸ் எண். கொடுக்கும்போது சட்டை மாறிப்போகாமலிருக்கத்தான் அது. ஆனால் பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே! மத்தியான இடைவேளையில் ஒருத்தர் காலரை ஒருத்தர் மடித்துப் பார்த்து, யாருக்கு என்ன எண் என்று ஒப்பிடுவது அங்கே ஒரு விளையாட்டு. மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள்.

“அம்மா! அம்மா! ஒட்டடைக்குச்சிக்கு இருவத்தாறு. எனக்கு முப்பது! க்ளாஸ்லயே நான்தான் பெருசாம்!”

ஒட்டடைக்குச்சி என்பது மகளின் சிநேகிதி. காற்றடித்தால் பை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அவ்வளவு ஒல்லி. அப்படிக் கூப்பிட்டால் அந்தப் பெண்ணே திரும்பும், அதனால் பெயர் நிலைத்துவிட்டது. டெய்லரக்கா அப்போது மிஷினில் குனிந்து காலர் திருப்பிக்கொண்டிருந்தாள். மகள் எந்த முகத்தோடு அதைச் சொன்னாள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. காதில் விழுந்தது ‘பெருசு’ என்கிற ஒரு சொல்தான். தன் பழைய வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்துவது அவளுக்குக் கேட்டது.

“ஐயோ, அது நான் தப்பா தெச்சிட்டேன் கண்ணு,” என்றாள். “அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. உனக்கும் இருவத்தாறுதான். கழட்டு, மாத்தித் தரேன்.”

“ஓ,” என்றாள் மகள். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நாடாவைப் பிரிக்க ஒரு நிமிடம், புதியது தைக்க ஒரு நிமிடம். சட்டை அதே சட்டை. லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் அந்த வாரம் ஊரிலிருந்தார். விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “துணிக்கு வாயா இருக்கு, போய்ச் சொல்றதுக்கு? தெச்சு வுடு!” என்றார். அவளுக்கும் அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும். அடுத்த வருடம் ஒட்டடைக்குச்சிக்கு என்ன எண்ணோ அதுவே மகளுக்கும். அதற்கடுத்த வருடமும் அப்படியே. மகள் வளர வளர, நாடாவில் இருக்கிற எண்ணுக்கும் டேப்பில் இருக்கிற எண்ணுக்கும் இடைவெளி அகன்றுகொண்டே போனது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஆனால் எந்தக் காக்கையாவது தன் குஞ்சுக்குப் பொன் முலாம் பூசி அனுப்பியதைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கை தூக்கினாள். மேடையில் பாடச் சொன்னால் சுருதி ஒரு பக்கம் போக, தொண்டை கிழியப் பாடினாள். நான்காவதில் ஒரு பையன் குண்டு என்று கூப்பிட்டபோது, அழுதுகொண்டு வீட்டுக்கு வரவில்லை. காலரை மடித்து அவன் மூக்குக்கு நேராக நீட்டி, “நல்லா பாத்துக்கோ. எங்கம்மா போட்ட நம்பர். எனக்கும் ஒட்டடைக்குச்சிக்கும் ஒரே சைஸு. உன் கண்ணத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்,” என்றாளாம். பையன் பேந்தப் பேந்த விழித்தானாம். டெய்லர் போட்ட நம்பரை எதிர்த்து எவன் பேசுவான்? இதை மகள் நடித்துக் காட்டியபோது டெய்லரக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

எட்டாம் வகுப்பில் மகள் வாலிபால் டீமில் சேர்ந்தாள். அந்தத் தோளுக்கும் அந்தக் கைக்கும் பிறந்த விளையாட்டு அது. அவள் சர்வீஸ் போட்டால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். விளையாட்டு மிஸ் யாரையும் லேசில் மெச்சாதவர், அவரே டெய்லரக்காவைத் தெருவில் நிறுத்தி, “உங்க பொண்ணு கையில இருக்கிறது வரம் அக்கா. ஒழுங்கா சாப்பாடு போடுங்க, டயட்டு கியட்டுன்னு கெடுத்துடாதீங்க,” என்றார். வேற்றுப் பள்ளிகளோடு முதல் போட்டி வந்தது. டீமுக்கு நீல ஜெர்சி. வெளியூர் கம்பெனியில் ரெடிமேடாக வாங்குவதென்று முடிவாயிற்று.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகள் சொன்னாள்: “ஜெர்சிக்கு சைஸ் குடுத்தாச்சும்மா. முப்பத்திரெண்டு. மிஸ் என்னையே ஒரு மாதிரி பாத்துட்டு, வீட்ல கேட்டுட்டு வான்னாங்க. எங்கம்மாதான் மிஸ் இந்த ஸ்கூலுக்கே தைக்கிறாங்க, எனக்குத் தெரியாதான்னு காலரைக் காட்டினேன். எழுதிக்கிட்டாங்க.”

மகளின் உண்மையான அளவு முப்பத்தெட்டு.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். மகள் கோபித்திருப்பாள், இரண்டு நாள் பேசாமலிருந்திருப்பாள், தீர்ந்திருக்கும். ஆனால் ஒளித்து ஒளித்துப் பழகியவர்களுக்கு உண்மையைச் சொல்வதற்கும் ஒரு மறைவான சந்து தேவைப்படுகிறது. மறுநாள் காலை பள்ளி ஆபீசுக்குப் போனாள். மிஸ் இல்லை, கிளார்க் இருந்தார். மேஜையைச் சுற்றி வேறு இரண்டு டீச்சர்கள் எதற்கோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஜெர்சி விஷயமா வந்தேன். என் பொண்ணோட சைஸ் கொஞ்சம் மாத்தணும்,” என்றாள்.

“அதுக்கென்னக்கா, இப்பவே போன் போட்டு மாத்திரலாம்,” என்று கிளார்க் பேனாவை எடுத்தார். “சொல்லுங்க, எவ்வளவு?”

டீச்சர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். வெறுமனேதான் பார்த்தார்கள். ஒரே ஒரு எண். வாயைத் திறந்தால் முடிந்தது. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

“வேணாம், இருக்கட்டும். சரியாத்தான் இருக்கும். பெட்டி வந்தா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வரும் வழியிலேயே ஒரு திட்டம் போட்டாள். பெட்டி வந்த கையோடு ஜெர்சியை வாங்கி வந்து, இரண்டு பக்கமும் பிரித்து, அதே நீலத்தில் பட்டை கொடுத்துத் தைத்துவிட வேண்டியது. நாலு கடை ஏறி இறங்கி நிறம் பொருந்துகிற துணியும் வாங்கிவிட்டாள். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசி தைரியமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெட்டி வரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்றார்கள். மகளோ தினமும் சாயங்காலம் வீட்டுச் சுவரில் பந்தடித்தபடி ஜெர்சிக் கனவு கண்டுகொண்டிருந்தாள்.

“கண்ணு, இங்க வாயேன். ஒண்ணு சொல்லணும்.”

“என்னம்மா?”

வியர்த்து விறுவிறுத்து, நிமிர்ந்த தோளோடு, கண் பளபளக்க வந்து நின்றாள் மகள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சிட்டு விளையாடு.”

போட்டி நாளன்று காலையில்தான் பெட்டி வந்தது, நேரே மைதானத்துக்கு. டெய்லரக்கா கைப்பையில் நீலத் துணி, கத்தரி, ஊசி, நூல் எல்லாவற்றோடும் ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பெண்கள் உடை மாற்றுகிற அறைக்குள் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல முடியாது. உள்சட்டைக்கு மேல் ஜெர்சியைப் போடப் போன ஒருத்தி, தலையும் கையும் உள்ளே மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் திண்டாடினால் கூட இருக்கிற பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்தானே. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். துணிக்குள்ளிருந்து அவளும் சிரித்தாள்.

“ஏய், மெதுவா! புதுசுடி, கிழிச்சிடாதீங்க!”

அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. மூச்சு முட்டுகிறது என்றாள். கை கால் உதறினாள். டெய்லரக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், கத்தரியை எடுத்து, கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் அந்தப் புது ஜெர்சியை ஒரே கோட்டில் வெட்டினாள். உள்ளேயிருந்து சிவந்து வேர்த்த முகம் வெளியே வந்தது.

மகள் முதலில் மூச்சு வாங்கினாள். பிறகு வெட்டிய துணியைப் புரட்டி லேபிளைத் தேடினாள். 32 என்றிருந்தது.

“கம்பெனிக்காரன் தப்பா போட்டிருக்கான்மா,” என்றாள். “நீ சொல்லும்மா இவங்ககிட்ட. நம்பர தப்பா போட்டிருக்கான்ல?”

எதிரே ஒட்டடைக்குச்சி நின்றாள். அதே பெட்டி, அதே முப்பத்திரண்டு, அவள் உடம்பில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. மகள் அவளைப் பார்த்தாள். கீழே கிடந்த துணியைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, சொல்லும்மா.”

டெய்லரக்கா கத்தரியைக் கைப்பைக்குள் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு பெண், “அப்ப காலர்ல இருக்கிறதெல்லாம்?” என்று கேட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

உள்சட்டையோடு விளையாடலாம், நடுவரிடம் பேசிக்கொள்கிறேன் என்று மிஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். மகள் கேட்கவில்லை. யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, காலரைக் கையால் பொத்தியபடி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளில்லாமலே டீம் ஜெயித்தது. அது தோற்றதைவிட மோசமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அலமாரியிலிருந்த சட்டைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு, ஒவ்வொரு காலராக நாடாவைப் பிய்த்தாள். தடுக்கப் போன அம்மாவின் கையைத் தள்ளினாள்.

“எதுக்கும்மா இப்படிச் செஞ்சே?”

அப்போதுதான் டெய்லரக்கா தன் பள்ளிக்கூடக் கதையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். டெய்லரின் தொண்டை, ஆறாறு, வாத்தியாரின் கர்ச்சீப்பு, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதாள். மகள் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அது உனக்கு நடந்துச்சும்மா. எனக்கு அப்படி எதுவும் நடக்கலியே. ரெண்டாங் க்ளாஸ்ல ஓடி வந்து சொன்னேன்ல, நான்தான் பெருசுன்னு? எவ்வளவு சந்தோஷமா வந்தேன் தெரியுமா? எல்லாரையும்விட எனக்குத்தான் பெரிய நம்பருன்னு ஒட்டடைக்குச்சி பொறாமைப்பட்டா. நீதான் தப்புன்னு சொல்லிட்டே.”

“கண்ணு, நான் உன் நல்லதுக்கு...”

“வெளியில பசங்க கூப்பிட்டப்போ எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. நான் எப்படி இருக்கேன்னு எங்கம்மாவுக்குத் தெரியும்னு நெனச்சேன்.” குரல் உடைந்தது. “உனக்கே பாக்கப் பிடிக்காமத்தானே மாத்தி மாத்தித் தெச்சிருக்கே? ஒளிச்சு வெக்கிற அளவுக்கா நான் இருக்கேன்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பிள்ளை அழுத அழுகையைப் பார்த்தவர் நாக்கில் அது வராது. முப்பத்தெட்டு என்ன கொலைக்குற்றமா? அதே அளவில் அந்த வருடம் அதே வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு டெய்லரக்கா தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் காலரிலெல்லாம் கை கூசாமல் முப்பத்தெட்டு என்றே சிவப்பு நூலில் போட்டாள். பெற்ற பெண்ணுக்கு மட்டும் போட முடியவில்லை. மகளை அளவெடுக்கக் குனிந்தபோதெல்லாம் டேப்புக்குள் நின்றது அவள் மகள் இல்லை. வகுப்பு நடுவில் நின்ற பழைய பிள்ளைதான். இது அவளுக்கு இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

மகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. விட்டிருந்தால் சண்டை போட்டாவது அனுப்பலாம். ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறவளை என்ன சொல்வது? வாலிபால் டீமில் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள். மிஸ் வீடு தேடி வந்து பேசினார். “முட்டி வலிக்குது மிஸ்,” என்றாள். முதல் பெஞ்சிலிருந்து இரண்டாவதுக்குப் போனாள், அங்கிருந்து பின்னால். ஒட்டடைக்குச்சி பாவம், வாசல் வரை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். வீட்டுக்காரர் லாரியிலிருந்து போன் போட்டுப் பாசமாக, “என் ராஜாத்தி எப்படி இருக்கா?” என்று கேட்டால், “எந்த ராஜாத்தி?” என்று கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் நீட்டுவாள்.

டெய்லரக்கா சும்மா இருக்கவில்லை. காலையில் தலை வாரிவிட்டபடி, “நீ எவ்வளவு லட்சணமா இருக்கே தெரியுமா?” என்பாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் கண்ணுக்கு அந்தப் பிள்ளையைப் போல அழகு இந்த உலகத்தில் இல்லை. அதை மகள் பிறந்ததிலிருந்து சொல்லியிருக்க வேண்டியவள், இப்போது சொன்னாள். மகள் கண்ணாடியைப் பார்க்காமல் ரிப்பனை வாங்கித் தானே கட்டிக்கொள்வாள்.

அடுத்த வருடம் பள்ளி திறக்கிற நேரம் வந்தது. நூலகத்தில் வரிசை போட்டு அளவெடுத்து முடித்தாள். அந்த வரிசையில் மகள் நிற்கவில்லை. வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று இவளும் விட்டுவிட்டாள். “வா கண்ணு, அளவெடுத்துடலாம்,” என்று கூப்பிடும்போதெல்லாம், “அப்புறம்,” என்பாள்.

ஒரு மத்தியானம் கடைத்தெருவில் கடை வைத்திருக்கிற டெய்லர் ஒருவர் வந்தார். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர், பட்டன் நூல் என்று எப்போதாவது கைமாற்று வாங்கிப் போகிற பழக்கம். வந்தவர் உட்காராமல் தயங்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க பொண்ணு என் கடையில யூனிபார்ம் துணி குடுத்திருக்கு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்புறம் மனசு கேக்கல.”

டெய்லரக்கா மிஷினை நிறுத்தினாள்.

“பரவால்லண்ணே. நல்லா தெச்சுக் குடுங்க. தோள்ல மட்டும் கொஞ்சம் தாராளமா விடுங்க, சர்வீஸ் போடறப்போ இழுக்கும்,” என்றாள். சொன்ன பிறகுதான் மகள் இப்போது விளையாடுவதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. திருத்திச் சொல்லவில்லை.

“சரிக்கா.” அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றார். “இன்னொண்ணு. அளவெடுத்தேனா, சத்தமா சொல்லுங்கண்ணேன்னுச்சு. சொன்னேன். புள்ள மொகம் அப்படியே வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு. இதெல்லாம் சாதாரண அளவும்மா, உன் வயசுல எத்தனையோ பேருக்கு இதான் தைக்கிறேன், நீ நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னேன். நெசந்தானக்கா அது?”

“நெசந்தாண்ணே.”

“அதுக்கு அது என்னையே பாத்துச்சு. பாத்துட்டு, ‘எங்கம்மா வந்து உங்களை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா அண்ணே?’ன்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. இல்லையேம்மான்னேன், அதையும் அது நம்பல. எதுக்குக்கா அப்படிக் கேக்குது?”

டெய்லரக்கா தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளையின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து நின்றார்.